ஆட்டுக்காலும் திமிங்கலமும்: எலும்பு ஒத்துப்போனால் சொந்தம் என்று சொல்லிவிடலாமா?

சாரல்வாசி (தென்காசி):
மகள் பத்தாவது படிக்கிறாள். அறிவியல் புத்தகத்தில் ‘அமைப்பு ஒத்த உறுப்புகள்’ என்று ஒரு பகுதி. மனிதன் கை, வௌவால் இறக்கை, திமிங்கலத் துடுப்பு, குதிரையின் முன்கால், நாலையும் பக்கத்தில் பக்கத்தில் படம் போட்டு, எலும்பு ஒரே வரிசையில் இருக்கிறது, ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே மூதாதை என்று முடித்துவிடுகிறார்கள். அவள் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடுவாள், எனக்குத்தான் இடிக்கிறது. ஒத்துப்போவது சரி, அதிலிருந்து சொந்தம் எப்படி வருகிறது? ஒரே ஸ்தபதி பட்டறையில் செய்த சிலைகள் ஒரே ஜாடையில் இருக்கத்தான் செய்யும். அதற்காக ஒரு சிலை இன்னொரு சிலைக்குப் பிறந்ததாக ஆகுமா? சாமி நம்பிக்கையை வைத்துக் கேட்கவில்லை, வாதமாகவே பலவீனமாகத் தெரிகிறது. தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள். ‘இதுகூடத் தெரியாதா’ கோஷ்டி கொஞ்சம் ஒதுங்கி இருங்கள்.

மாட்டுவைத்தியர் (அம்பை):
அண்ணாச்சி, புத்தகப் படத்தை மூடி வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சூப்புக்கு வாங்கும் ஆட்டுக்காலைப் பாருங்கள். முன்காலில் நடுவில் மடங்கும் இடத்தை நாம் முட்டி என்கிறோமே, அது உண்மையில் மணிக்கட்டு. நம் மணிக்கட்டில் இருப்பதுபோலவே சின்னச் சின்ன எலும்புகள் அங்கே அடுக்கி இருக்கும். பின்காலில் பின்பக்கமாக மடங்குவது முட்டியே கிடையாது, குதிங்கால். அசல் முட்டி மேலே தொடையை ஒட்டி வயிற்றுப் பக்கம் மறைந்து இருக்கிறது. ஆடு நாள் முழுக்க விரல் நுனியில், நகத்தின் மேல் நிற்கிறது. குளம்பு என்பது நகம்தான்.

இப்போது மணிக்கட்டுக்குக் கீழே உள்ள நீள எலும்பை எடுத்து நன்றாக வேகவைத்துச் சுரண்டிப் பாருங்கள். மேலே ஒற்றை எலும்பாக இருக்கும், கீழ்முனையில் இரண்டு உருளையாகப் பிளந்திருக்கும், முன்பக்கம் நெடுக ஒரு பள்ளக் கோடு ஓடும். நம் உள்ளங்கையில் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நேராக உள்ள இரண்டு எலும்புகள் ஒட்டிப்போய்த்தான் அந்த ஒற்றை எலும்பு ஆகியிருக்கிறது. சும்மா அடித்துவிடவில்லை, கருவில் இருக்கும் குட்டியில் அவை இரண்டாகவே தொடங்கி அப்புறம்தான் ஒட்டுகின்றன. குதிரையில் இன்னும் வேடிக்கை: நடுவிரல் ஒன்றுதான் தரையில் ஊன்றும், அதன் இரண்டு பக்கத்திலும் குச்சி மாதிரி மெல்லிய எலும்பு ஒன்று கீழ்வரை வராமல் பாதியில் நின்றுவிடும். வண்டிக் குதிரைக்கு அந்த இடம் வீங்கி நொண்டும்போது வைத்தியம் பார்க்கிற எனக்கு, அந்தக் குச்சி எலும்பு எதற்காக இருக்கிறது என்று கேட்டால் அக்கம்பக்கத்து விரல்களின் மிச்சம் என்பதைத் தவிர நல்ல பதில் இல்லை.

உங்கள் ஸ்தபதிக் கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது, தெரியும். ஆனால் ‘ஜாடை ஒத்துப்போகிறது’ என்று மேலோட்டமாகச் சொல்வதற்கும் இதற்கும் தூரம் அதிகம். வெளித்தோற்றத்தில் ஆட்டுக்காலுக்கும் என் கைக்கும் ஒரு ஜாடையும் கிடையாது. உரித்த பிறகுதான் தெரிகிறது.

திண்ணைப்பேச்சு:
இனி சூப்புக் குடிக்கும்போது கை நடுங்கும் வே.

மணப்பாட்டுக்காரன்:
2016 ஜனவரியில் எங்கள் கரையில் திமிங்கலக் கூட்டம் ஒதுங்கியது நினைவிருக்கும். மணப்பாடு, ஆலந்தலை, கல்லாமொழி பக்கமெல்லாம் எண்பதுக்கும் மேல், நிறைய செத்துப்போயின. பைலட் திமிங்கலம் என்கிற சாதி. ஊரே இறங்கித் தள்ளினோம், தள்ள தள்ளத் திரும்பி வந்தன. அன்றைக்கு அதன் பக்கத் துடுப்பைப் பிடித்து இழுத்தவன் நான், தொட்டால் மீன் துடுப்பு மாதிரியே இல்லை, உள்ளே தோள், முழங்கை என்று ஏதோ இருப்பதுபோல் கனமாக இருந்தது. அப்புறம் தேடிப் படித்தேன். தோளிலிருந்து ஒரு குட்டை எலும்பு, அதற்கடுத்து இரண்டு, அப்புறம் மணிக்கட்டுச் சில்லுகள், பிறகு விரல்கள். விரலில் நமக்கு மூன்று கணு என்றால் இந்தச் சாதிக்கு நீள விரலில் பத்துக்கும் மேலே போகும்.

இன்னொன்று, கடலில் போகிறவன் எவனும் கவனித்திருப்பான். சுறாவின் வால் நட்டுக்கு நிற்கும், பக்கவாட்டில் அடித்து நீந்தும். ஓங்கிலும் (டால்பின்) திமிங்கலமும் வாலைப் படுக்கையாக வைத்து மேலும் கீழும் அடிக்கும். நாய் பாய்ந்து ஓடும்போது முதுகு வளைந்து நிமிர்கிறதே, அதே அசைவு. ஒரே கடல், ஒரே வேலை, ஆனால் முதுகெலும்பு வளைகிற திசை வேறு. மீனில் நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாட்டைத் திமிங்கலத்துக்கு ஏன் கொடுக்கவில்லை? கரையில் ஓடின முதுகை வைத்துக்கொண்டு கடலுக்குள் போனதால்தான் என்று நான் நினைக்கிறேன். படித்தவர்கள் சரியா என்று சொல்லுங்கள்.

பொதிகைவாத்தியார் (பாளை):
சரியாகப் பிடித்தீர்கள். விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடப்புத்தகம் பாதி வாதத்தைத்தான் சொல்கிறது என்பது என் நெடுநாள் குறை. ‘ஒரே மாதிரி இருக்கிறது, ஆகவே சொந்தம்’ என்று நிறுத்தினால் சாரல்வாசி கேட்பது நியாயம். கவனிக்க வேண்டியது இரண்டு பக்கம். வேலை வேறாக இருந்தும் எலும்பு ஒன்றாக இருப்பது ஒரு பக்கம். வேலை ஒன்றாக இருந்தும் உள்ளமைப்பு வேறாக இருப்பது மறுபக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வாதம் நிற்கும்.

மறுபக்கத்துக்கு வெளிநாடு போக வேண்டாம், களக்காடு முண்டந்துறைப் பக்கத்து மலைக்காடே போதும். மரத்துக்கு மரம் காற்றில் போவது என்கிற ஒரே வேலையை மேற்குத்தொடர்ச்சி மலையில் எத்தனை பிராணி எத்தனை விதமாகச் செய்கிறது பாருங்கள். பறக்கும் ஓணான் விலா எலும்புகளை வெளியே நீட்டி அதன்மேல் தோலை விரிக்கிறது, கைகால் அதில் சேராது. பறக்கும் அணில் முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே உள்ள தோலை விரிக்கிறது. களக்காட்டின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய ஒரு மரத்தவளை இருக்கிறது, அது விரலிடைச் சவ்வை விரித்துச் சறுக்குகிறது. வௌவால் கட்டைவிரலை மட்டும் வெளியே விட்டுவிட்டு மற்ற நாலு விரலையும் குடைக்கம்பி போல் நீட்டிச் சவ்வு போர்த்துகிறது. பறவையிலோ விரல்கள் குறைந்து ஒட்டிப்போய்விட்டன, பறக்கிற பரப்பைக் கொடுப்பது இறகு. காற்று எல்லாருக்கும் ஒரே காற்றுதான், ஏற்பாடு மட்டும் ஐந்து விதம். ஒவ்வொன்றும் தன் தன் குடும்பத்தில் ஏற்கெனவே கையிருப்பில் இருந்ததை நீட்டியோ குறைத்தோ ஒட்டியோதான் செய்திருக்கிறது.

இப்போது ஸ்தபதியிடம் வருவோம். நெல்லையப்பர் கோயில் தூணில் யாளி பார்த்திருப்பீர்கள். சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை, எங்கிருந்து எது அழகோ அதை எடுத்து ஒன்றில் வைத்துவிடுவார் ஸ்தபதி. அவருக்கு எந்தத் தடையும் இல்லை. உயிருள்ள உலகில் முதுகெலும்புள்ள பிராணிகளில் அப்படி ஒரு யாளி இல்லை. இறகு வைத்த வௌவால் இல்லை, செவுள் வைத்த திமிங்கலம் இல்லை, நாலு காலும் போக முதுகில் தனியாக இரண்டு சிறகு முளைத்த குதிரை இல்லை. நீங்கள் சொன்ன அதே பட்டறையிலிருந்து வந்திருந்தால் ஒரு தடவையாவது கலந்திருக்க வேண்டாமா? ஒத்துப்போவது எங்கெங்கே நின்றுவிடுகிறது என்று பாருங்கள், குடும்ப மரத்தில் கிளை பிரிகிற இடத்தில் சரியாக நிற்கிறது.

சாரல்வாசி:
யாளி நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சுற்றுவாதம் தெரிகிறதே. ஒரே மூதாதையிடமிருந்து வந்தால் அது அமைப்பொத்த உறுப்பு என்று வரையறை வைக்கிறீர்கள். அப்புறம் அமைப்பொத்த உறுப்பு இருப்பதால் மூதாதை ஒன்று என்கிறீர்கள். இது தன் வாலைத் தானே விழுங்குகிற பாம்பு.

பொதிகைவாத்தியார்:
இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வரலாற்றைப் பார்த்தால் வரிசை நீங்கள் நினைப்பதற்குத் தலைகீழ். 1555-இலேயே பியேர் பெலோன் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு பறவையின் எலும்புக்கூட்டையும் மனித எலும்புக்கூட்டையும் பக்கத்தில் நிறுத்தி, இந்த எலும்புக்கு அந்த எலும்பு என்று குறித்துப் படம் போட்டிருக்கிறார். டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வந்தது 1859-இல், முந்நூறு வருஷத்துக்கு அப்புறம். நடுவில் ஜோஃப்ருவா செயின்ட் ஹிலேர் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் உருவத்தையும் வேலையையும் நம்பாதே, எது எதோடு இணைந்திருக்கிறது என்று பார் என்று ஒரு விதி வைத்தார். 1843-இல் ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கில உடற்கூறியலாளர் அமைப்பொப்புமைக்கும் செயலொப்புமைக்கும் (வேலை மட்டும் ஒத்துப்போவது) வித்தியாசம் பிரித்து வரையறுத்தார். அந்த ஓவன் பின்னாளில் டார்வினோடு கடுமையாக மோதினவர். ஆக, மூதாதை என்ற பேச்சே எடுக்காமல், இருக்கும் இடத்தையும் இணைப்பையும் கருவளர்ச்சியையும் வைத்தே பட்டியல் தயாராகிவிட்டது. அது ஏன் அப்படி இருக்கிறது என்ற காரணம்தான் அப்புறம் வந்தது. ‘மூதாதை’ பிறகு வரையறைக்குள் நுழைந்தது உண்மை, ஆனால் கண்டுபிடிக்கிற முறை அதைச் சார்ந்து இல்லை.

தியேட்டர்அக்கா:
நான் பாளையங்கோட்டையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எலும்பை விட்டு நரம்புக்கு வாருங்கள். தைராய்டு ஆபரேஷன் என்றால் டாக்டர்கள் ஒரு நரம்பைத் தேடிக் கண்டுபிடித்து ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு வெட்டுவார்கள். அது அறுந்தால் குரல் போய்விடும். குரல்வளைக்குப் போகிற நரம்புதான், ஆனால் மூளையிலிருந்து கழுத்து வழியே இறங்கி, குரல்வளையைத் தாண்டி, இடது பக்கம் நெஞ்சுக்குள் போய், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் வளைவுக்கு அடியில் சுற்றிக்கொண்டு, திரும்ப மேலே ஏறி வருகிறது. தென்காசியிலிருந்து ஆலங்குளம் போக நெல்லைக்கு வந்து திரும்புகிற கதை. வலது பக்கமும் சுற்றுதான், கொஞ்சம் மேலேயே திரும்பிவிடும்.

நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, வலது கைக்குப் போகிற ரத்தக்குழாய் பிறவியிலேயே இடம் மாறி இருக்கும். அவர்களுக்கு அந்தப் பக்க நரம்பு சுற்றாமல் நேரே குரல்வளைக்குப் போய்விடும். குரல் நன்றாகவே இருக்கிறது. அப்படியானால் சுற்றுவது அவசியம் இல்லை என்றுதானே அர்த்தம்?

மாட்டுவைத்தியர்:
அக்கா சொன்ன நரம்பு ஒட்டகச்சிவிங்கியில் நாலு மீட்டருக்கு மேல் ஓடுகிறது. போக வேண்டிய நேர்தூரம் சில சாண். குதிரையில் இடது பக்க நரம்பு நீளமாக இருப்பதால் அடிக்கடி கெட்டுப்போய், ஓடும்போது மூச்சு உறுமுகிற வியாதி வருகிறது, எங்கள் படிப்பில் இது பெரிய பாடம்.

காரணத்தை மீனில் தேட வேண்டும். மீனுக்குக் கழுத்து கிடையாது, இதயம் செவுளை ஒட்டியே இருக்கிறது. அக்கா சொன்ன நரம்பு பிரிகிற அதே மூலநரம்பின் கிளைகள் பின்பக்கச் செவுள் வளைவுகளுக்கு ரத்தக்குழாய்க்குப் பின்னாலே நேராகப் போகின்றன, ஒரு சுற்றும் இல்லை. நிலத்துக்கு வந்த வம்சத்தில் கழுத்து நீண்டது, இதயம் நெஞ்சுக்குள் இறங்கியது, குழாய்க்குப் பின்னால் மாட்டியிருந்த நரம்பும் கூடவே இழுபட்டது. அறுத்து மறுபக்கம் கட்ட வழியில்லை, ஏனென்றால் ஒவ்வொரு தலைமுறையும் உயிரோடு இருந்தாக வேண்டும். கருவில் இதயம் இறங்கும்போது இந்த இழுபறி அப்படியே நடக்கிறது.

கடையத்தான்:
ஒரு நிமிஷம். அந்த நரம்பு போகிற வழியில் மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் கிளை கொடுக்கிறது. சும்மா ஊர் சுற்றவில்லை. அதேபோல குடல்வால் வீண் என்றார்கள், இப்போது நோய் எதிர்ப்புத் திசு இருக்கிறது என்கிறார்கள். திமிங்கலத்தின் இடுப்பெலும்பை வேலை இல்லாத எச்சம் என்றார்கள், 2014-இல் அதில் இனப்பெருக்க உறுப்பின் தசை பிடித்திருக்கிறது, வேலை இருக்கிறது என்று கட்டுரை வந்துவிட்டது. எச்ச உறுப்புப் பட்டியல் வருஷா வருஷம் தேய்ந்துகொண்டே வருகிறது. இதை யாரும் பேச மாட்டீர்களே?

பொதிகைவாத்தியார்:
பேசுவோமே. எச்ச உறுப்பு என்றால் வேலையற்றது என்று அர்த்தம் வைத்துக்கொண்டால் உங்கள் வாதம் ஜெயிக்கும். பழைய பெரிய வேலை போய்விட்டது என்பதுதான் அதன் பொருள், சின்னதாக வேறொரு வேலை மிஞ்சியிருக்கலாம், இதை டார்வினே எழுதியிருக்கிறார். மலைப்பாம்பின் அடிவயிற்றில் ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் சின்ன நகம் ஒன்று இருக்கும், காட்டு இலாகாவில் பாம்பு பிடிக்கிறவர்களைக் கேளுங்கள். உள்ளே இடுப்பெலும்புத் துண்டும் தொடையெலும்புத் துண்டும் இருக்கின்றன. இணை சேரும்போது ஆண் அந்த நகத்தைப் பயன்படுத்துகிறது. பயன்படட்டும். ஆனால் கிளர்ச்சியூட்ட ஒரு கொக்கி வேண்டுமென்றால் அதற்கு இடுப்பும் தொடையும் எதற்கு? திமிங்கலத்திலும் தசை பிடிக்க ஓர் எலும்பு வேண்டும், சரி, அது மற்றப் பாலூட்டிகளில் அதே தசை பிடிக்கிற அதே இடுப்பெலும்பாக ஏன் இருக்கிறது?

நரம்புக் கிளைக்கும் இதேதான். மூலநரம்பு அந்தப் பக்கமாகவே கீழே போகிறது, மூச்சுக்குழாய்க்கு அதிலிருந்தே கிளை கொடுத்துவிட்டுப் போகலாம். குரல்வளைக்கு இன்னொரு நரம்பு மேலேயிருந்து நேராகவே வருகிறது, அதற்கு யாரும் தடை போடவில்லை.

தியேட்டர்அக்கா:
மணிக்கட்டை மடக்கிக் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துப் பிடித்தால் நடுவில் ஒரு நரம்பு மாதிரி புடைக்கும், அது தசைநார். ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு அது கிடையாது, கைப்பிடியில் ஒரு குறையும் தெரியாது. வேறு இடத்தில் ஒட்டுப் போட சர்ஜன்கள் முதலில் எடுப்பதும் இதைத்தான். இப்போதே எல்லாரும் செய்து பார்த்திருப்பீர்களே.

திண்ணைப்பேச்சு:
எனக்கு இடது கையில் இருக்கு, வலதில் இல்லை. இதுக்கு என்ன பலன்?

மணப்பாட்டுக்காரன்:
சரி, திமிங்கலத்துக்குத் தரையில் சொந்தக்காரன் யார் என்று எலும்பை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்களா?

மாட்டுவைத்தியர்:
அந்தக் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அதில் எலும்புக்காரர்கள் முதலில் தடுமாறினார்கள். பழைய திமிங்கலங்களின் பல்லைப் பார்த்து, அழிந்துபோன ஓநாய் மாதிரியான ஒரு குளம்புப் பிராணிக் கூட்டத்தோடு பல காலம் சேர்த்து வைத்திருந்தார்கள். 1990-களில் மரபணுவைப் பார்த்தவர்கள் அது சரியில்லை, திமிங்கலத்துக்குக் கிட்டத்துச் சொந்தம் நீர்யானை, ஆடு மாடு ஒட்டகம் இருக்கிற இரட்டைக்குளம்புக் குடும்பத்துக்குள்ளேயே வருகிறது என்றார்கள். எலும்புக்காரர்கள் எளிதில் நம்பவில்லை. ஏனென்றால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு முத்திரை உண்டு: கணுக்கால் எலும்பு. மற்றப் பாலூட்டிகளில் அது மேல்முனையில் மட்டும் கப்பி மாதிரி இருக்கும், ஆடு மாட்டில் மேலும் கீழும் இரண்டு முனையிலும் கப்பி. கசாப்புக் கடையில் பின்காலைக் குதியில் பிரிக்கும்போது உருண்டு விழுமே, அதுதான். இன்றைய திமிங்கலத்துக்குப் பின்காலே இல்லை, எங்கே போய்ச் சரிபார்ப்பது?

2001-இல் பாகிஸ்தானிலிருந்து காலுள்ள பழைய திமிங்கலங்களின் கணுக்கால் எலும்புகள் வெளியிடப்பட்டன, இரண்டு தனித்தனிக் குழுக்கள், ஒரே மாதத்தில். இரண்டு முனையிலும் கப்பி. 2007-இல் நம் நாட்டுக் கதை வந்தது. ஜம்மு காஷ்மீரில் காலாகோட் பக்கம் நிலவியலாளர் ரங்கா ராவ் சேர்த்து வைத்திருந்த பாறைகள், அவர் காலத்துக்குப் பிறகு அவர் மனைவி மூலம் ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளர் கைக்குப் போயின. உள்ளே இருந்தது இண்டோஹையஸ் என்ற பூனையளவு குளம்புப் பிராணி, சுமார் 4 கோடியே 80 லட்சம் வருஷத்துக்கு முந்தியது. காது எலும்பின் ஓர் ஓரம் தடித்திருந்தது. அந்தத் தடிப்பு திமிங்கலக் கூட்டத்தின் அடையாளம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள்.

சாரல்வாசி அண்ணாச்சி சுற்றுவாதம் என்றீர்களே, இங்கே சுற்று எங்கே? மரபணுக்காரர்கள் ஒன்றைச் சொன்னார்கள், பாறையில் கிடந்த எலும்புக்கு அது தெரியாது. ஒத்துப்போகாமல் போவதற்கு முழு வாய்ப்பும் இருந்தது.

பொதிகைவாத்தியார்:
கூடவே ஒன்று. மன்னார் வளைகுடாவில் ஆவுளியா என்கிற கடல்பசு இருக்கிறது. திமிங்கலம் மாதிரியே படுக்கை வால், பின்கால் கிடையாது. பார்த்தவுடன் இரண்டும் பங்காளி என்று தோன்றும். ஆனால் ஆவுளியாவுக்கு மடி முன்துடுப்பின் அக்குளில், யானைக்கும் மடி முன்னங்கால்களுக்கு நடுவில்தான். மரபணுவும் யானைப் பக்கமே காட்டுகிறது. தோற்றத்தைப் பார்த்துச் சொந்தம் கட்டுவதாக இருந்தால் இதைத் தப்பாகத்தான் கட்டியிருப்போம்.

கண்ணும் அப்படியே. தூத்துக்குடி ஏலத்தில் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) பார்த்தால் அதன் கண் நம் கண் போலவே லென்ஸ் வைத்த கேமரா. நமக்கோ நரம்பிழைகள் விழித்திரைக்கு முன்னால் ஓடி, பின்னால் போக ஓட்டை போட்டிருக்கின்றன, அந்த இடத்தில் பார்வை இல்லை. பேய்க்கணவாய்க்கு இழைகள் பின்னாலிருந்தே போகின்றன, குருட்டுப்புள்ளி கிடையாது. அந்த நல்ல ஏற்பாடு முதுகெலும்புள்ள எதற்கும் கிடைக்கவில்லை, கழுகுக்குக்கூட.

சாரல்வாசி:
ஆடு, மாடு, திமிங்கலம், நாம் எல்லாம் ஒரு கூட்டம் என்பதில் இப்போது எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் கை என்கிற அந்த ‘ஒன்று, இரண்டு, சில்லுகள், விரல்கள்’ வரிசை முதலில் எங்கே வந்தது? மீனுக்குக் கை இல்லையே. அங்கே போய் முட்டிக்கொள்கிறது.

பொதிகைவாத்தியார்:
அங்கேயும் தேடிப் போய் எடுத்திருக்கிறார்கள். சுமார் 38 கோடி வருஷப் பாறையில் துடுப்புள்ள மீன், 36½ கோடி வருஷப் பாறையில் விரலுள்ள நாலுகாலி கிடைத்திருந்தது. நடுவில் உள்ளது சுமார் 37½ கோடி வருஷப் பாறையில், ஆழமில்லாத ஆற்றுப்படிவத்தில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, நீல் ஷூபின் என்ற தொல்லுயிரியலாளரின் குழுவினர் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவுக்குப் போனார்கள். முதல் சில பயணங்களில் உருப்படியாக ஒன்றும் இல்லை, 2004-இல் கிடைத்தது, 2006-இல் வெளியிட்டார்கள். பெயர் டிக்டாலிக். செதிலும் துடுப்புக் கதிர்களும் இருக்கின்றன. அந்தத் துடுப்புக்குள்ளே தோளிலிருந்து ஓர் எலும்பு, அடுத்து இரண்டு, அப்புறம் மணிக்கட்டு மாதிரி சில்லுகள். விரல் இல்லை. தலை தோளோடு ஒட்டாமல் தனியாகத் திரும்பும், அதாவது கழுத்து இருக்கிறது.

மாட்டுவைத்தியர்:
கழுத்து வந்ததும் அக்காவின் நரம்புக்கு வினை தொடங்கிவிட்டது.

கடையத்தான்:
ஒரு மீனை வைத்து எல்லாவற்றையும் முடிக்காதீர்கள். அதற்கு முந்தியே நாலுகாலித் தடம் போலந்தில் கிடைத்ததாக 2010-இல் வந்ததே, அதைச் சொல்ல மாட்டீர்களா?

பொதிகைவாத்தியார்:
சொல்லலாமே. சுமார் 39 கோடி வருஷத்துத் தடங்கள். அவை நாலுகாலியுடையவை என்றால், டிக்டாலிக் நேர்ப் பாட்டனாக இருக்க முடியாது, பெரியப்பா வழியில் பின்னாள் வரை தங்கின கிளை என்றாகும். தடம் உண்மையில் எதனுடையது என்பதில் இன்னும் சண்டை இருக்கிறது. ஆனால் நேர்ப் பாட்டன் என்று நான் எங்கும் சொல்லவில்லை. துடுப்புக்குள் ஒன்று, இரண்டு, சில்லுகள் என்ற வரிசை விரல் வருவதற்கு முன்னாலேயே ஒரு மீனில் இருந்தது என்பதற்கு அது போதும். சாரல்வாசி கேட்டதும் அதைத்தான்.